எண்ணூர்க் கழிமுக மாசு

சென்னைக்கு வடக்கே கொசஸ்தலை ஆறு வங்கக் கடலில் சேரும் இடம் எண்ணூர்க் கழிமுகம். அதன் மாசு வரலாற்றை ஆலைகளிலிருந்து தொடங்குவது வழக்கம். அது பாதிக் கதைதான். ஆலைகள் வருவதற்கு முன்பே கழிவு வந்துசேர வழி அமைந்துவிட்டது. அதை அடித்துச் செல்லும் நன்னீரும் குறைந்துவிட்டது. 1806இல் சரக்குப் படகுகளுக்காகச் சென்னையிலிருந்து எண்ணூருக்கு வெட்டப்பட்ட கால்வாய், பிற்பாடு பக்கிங்காம் கால்வாயின் பகுதியாகி, படகுகள் ஓய்ந்தபின் வடசென்னையின் சாக்கடை நீரைச் சுமக்கலாயிற்று. ஆற்று நீரோ தாமரைப்பாக்கம் அணைக்கட்டில் சோழவரம், புழல் ஏரிகளுக்குத் திரும்பியது. 1944இல் அதே ஆற்றில் பூண்டி நீர்த்தேக்கமும் எழுந்தது. நகரத்தின் தாகத்துக்கு அணை தேவைப்பட்டது என்பதை மறுக்க முடியாது. அணை நீரைக் கெடுப்பதுமில்லை. ஆயினும் மழைக்காலம் தவிர்த்த மாதங்களில் ஆற்றோட்டம் மெலிந்ததால், கழிமுகத்தைக் கழுவும் வேலை பெரும்பாலும் கடல் ஓதத்தின் தலையில் விழுந்தது.

அந்த ஓதத்தையும் தளர்த்தியது நிலக்கரிச் சாம்பல். 1970இல் எண்ணூர் அனல்மின் நிலையமும் 1990களில் வடசென்னை அனல்மின் நிலையமும் இயங்கத் தொடங்கின. சாம்பலைத் தண்ணீரில் குழைத்துக் குழாய் வழியே சாம்பல் குளத்துக்கு அனுப்புவார்கள். குழாய் கசிந்தால் சாம்பல் உப்பங்கழியில் படியும். ஈயம், ஆர்செனிக் போன்றவற்றை அது கொண்டுவருவதோடு ஆழத்தையும் குறைக்கிறது. ஆழம் குறைந்தால் ஓதத்தோடு வந்துபோகும் நீரும் குறையும். அருகிலுள்ள மணலி ஆலைகளின் கழிவும் சாக்கடையும் அங்கேயே தங்கும். இறாலும் நண்டும் பிடித்து வாழும் குப்பங்களுக்கு விஷத்தைப் போலவே இந்த மேடும் இழப்புதான். முகத்துவாரம் அடைபடுவது கடலோர மணல் நகர்வால்தானே என்று கேட்கலாம். மணல் முகத்துவாரத்தில் சேர்வது இயற்கையே; உள்ளே படிந்த சாம்பலைக் கடல் கொண்டுவரவில்லை. 2022இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் அதற்கு மின்வாரியத்தையே பொறுப்பாக்கியது.

ஒவ்வோர் ஆலையின் வெளியேற்றமும் வரம்புக்குள் இருந்தால் போதாதா என்பது இன்னொரு வாதம். வரம்பு குழாய் முனையில் அளக்கப்படுகிறது; கழிவுகள் கூடுவது கழிமுகத்தில். மேலும், குழாய் வழியாகவே எல்லாம் வருவதுமில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளம் மணலி எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைப் பகுதியிலிருந்து எண்ணெயை வாரிவந்து அலையாத்தி வேர்களிலும் வலைகளிலும் அப்பியது. அதை விதிவிலக்கான விபத்து என்பார்கள். ஆனால் எண்ணெய் வந்த வழி, சாக்கடை நாள்தோறும் வரும் அதே பக்கிங்காம் கால்வாய். சாம்பலைப் பொறுத்தவரை, எண்ணூர் மின் நிலையம் 2017இல் மூடப்பட்டது. படிந்த சாம்பலைத் தூர்வாரலாம். ஆனால் கால்வாய்க் கழிவை நிறுத்தாமல் தூர்வாரினால், வாரிய இடத்தில் அடுத்து நிற்பதும் அதே நீர்தான்.