மாத்திரைக்கு யார் பணம் கொடுப்பது?

2000-ஆம் ஆண்டு பிப்ரவரி 29. பிலிப்பைன்ஸ் தலைநகர் மணிலாவின் மேயர் ஹோசே 'லிட்டோ' அத்தியென்சா, மூன்றாம் எண்ணிட்ட ஆணை ஒன்றில் கையெழுத்திட்டார். குடும்பக் கட்டுப்பாட்டில் இயற்கை முறையையே நகரம் ஆதரிக்கும் என்றது அந்த ஆணை. ஆணுறை, மாத்திரை, காப்பர்-டி, கருத்தடை அறுவை சிகிச்சை ஆகியவற்றை ஊக்குவிப்பதில்லை என்றும் சொன்னது. வெளிப்படையான தடை எதுவும் அதில் இல்லை. ஆனாலும் நகராட்சி மருத்துவமனைகளிலும் சுகாதார மையங்களிலும் கருத்தடைப் பொருட்கள் காணாமல் போயின. அதுவரை இலவசமாக மாத்திரை வாங்கிவந்த பெண்கள் மருந்துக்கடைக்குப் போக வேண்டியதாயிற்று. காசு இல்லாதவர்கள் மாத்திரையையே விட்டார்கள்.

நாட்டின் சட்டம் கருத்தடையைத் தடுக்கவில்லை. அப்படியிருக்க, ஒரு மேயரின் கையெழுத்துக்கு இவ்வளவு வலு எங்கிருந்து வந்தது?

அதற்கு ஒன்பது ஆண்டுகள் பின்னே போக வேண்டும். அதற்கும் முன்பு, அதிபர் மார்கோஸ் காலத்தில், குடும்பக் கட்டுப்பாடு முழுக்க முழுக்க மணிலாவிலிருந்து நடத்தப்பட்ட தேசியத் திட்டம். 1969-இல் மக்கள்தொகை ஆணையம் அமைந்தது. 1971-இல் அதற்கெனத் தனிச்சட்டம் வந்தது. 1986 மக்கள் எழுச்சியில் மார்கோஸ் வீழ்ந்தபின், அதிகாரம் இனி ஒரே இடத்தில் குவியக்கூடாது என்ற எண்ணம் நாட்டில் வேரூன்றியது. அதன் விளைவுதான் 1991-ஆம் ஆண்டின் உள்ளாட்சிச் சட்டம். மாகாண மருத்துவமனைகள் மாகாண அரசுகளிடம் போயின. ஊர்ப்புறச் சுகாதார நிலையங்கள் நகராட்சிகளிடம் போயின. மத்திய சுகாதாரத் துறையின் ஊழியர்களில் 45,000-க்கும் மேற்பட்டோர் உள்ளாட்சிகளின் ஊழியர்கள் ஆனார்கள். நகராட்சியின் கடமைகளாக அந்தச் சட்டம் அடுக்கிய பட்டியலில் குடும்பக் கட்டுப்பாட்டுச் சேவையும் இருந்தது.

கடமையோடு பணமும் வந்தது. தேசிய உள்நாட்டு வரி வருவாயில் 40 சதவீதம் உள்ளாட்சிகளுக்கு என்று சட்டம் வகுத்தது. அதில் மாகாணங்களுக்கு 23, நகரங்களுக்கு 23, நகராட்சிகளுக்கு 34, ஊரின் கடைசி ஆட்சி அலகான பரங்கைகளுக்கு 20 சதவீதம். ஒவ்வோர் ஊருக்கும் எவ்வளவு என்பதை மக்கள்தொகையும் நிலப்பரப்பும் முடிவு செய்தன. ஒரு பகுதி எல்லோருக்கும் சமமாகப் பிரிந்தது. எந்த ஊரில் எத்தனை படுக்கையுள்ள மருத்துவமனை இருக்கிறது, எத்தனை மருத்துவச்சிகளுக்குச் சம்பளம் தர வேண்டும் என்பது அந்தக் கணக்கில் இல்லை. மருத்துவமனைச் சுமையைத் தாங்கிய மாகாணங்கள் திணறின. போதாக்குறைக்கு, 1992-இல் வந்த பொதுச் சுகாதார ஊழியர் உரிமைச் சட்டம் பல படிகளைக் கட்டாயமாக்க, உள்ளாட்சிகளின் சுகாதாரப் பணத்தில் பெரும்பங்கு சம்பளத்துக்கே போயிற்று.

அப்படியானால் மாத்திரையும் ஊசியும் எங்கிருந்து வந்தன? அமெரிக்க உதவி நிறுவனமான யுஎஸ்எய்ட் கொடுத்தது. 1970-கள் முதல் நாட்டின் அரசு மையங்களுக்குத் தேவையான கருத்தடைப் பொருட்களில் பெரும்பகுதி அங்கிருந்து இலவசமாக வந்திறங்கியது. இந்த இலவசம் லட்சக்கணக்கான பெண்களுக்கு உதவியது என்பது உண்மை. கூடவே இன்னொன்றும் நடந்தது: மாத்திரை வாங்கப் பணம் ஒதுக்கும் பழக்கம் பெரும்பாலான நகராட்சிகளுக்கு வரவில்லை. பட்ஜெட்டில் அப்படி ஒரு செலவு இனமே இல்லாமல் பத்தாண்டுக்கு மேல் ஓடிவிட்டது.

பிறகு கொடுத்த கை நின்றது. 2000-களின் முற்பாதியில் தொடங்கி 2008-க்குள் ஆணுறை, மாத்திரை, ஊசி என ஒவ்வொன்றாக வரத்து முடிந்தது. இதை எதிர்பார்த்து 2004-இல் சுகாதாரத் துறை 'கருத்தடைப் பொருள் தற்சார்பு' என்ற திட்டத்தை வெளியிட்டது. ஏழைகளுக்கு உள்ளாட்சி இலவசமாகக் கொடுக்கட்டும், வசதியுள்ளவர்கள் விலைக்கு வாங்கட்டும் என்பது அதன் சாரம். ஆனால் அன்றைய அதிபர் குளோரியா அரோயோ இயற்கை முறையையே விரும்பினார். செயற்கை முறைகளுக்குச் செலவிடும் முடிவு மேயர்கள், ஆளுநர்கள் தலையில் விழுந்தது. கத்தோலிக்கத் திருச்சபையின் சொல்லுக்கு எடை மிகுந்த நாட்டில், மூன்றாண்டுக்கு ஒருமுறை தேர்தலைச் சந்திக்கும் மேயருக்கு அது எளிய முடிவல்ல.

துணிந்தவர்களும் இருந்தார்கள். அரோரா மாகாணம் 2005-இல் தனக்கென ஓர் இனப்பெருக்கச் சுகாதாரச் சட்டம் இயற்றியது; தேசியச் சட்டம் வருவதற்கு ஏழாண்டு முன்பே. மணிலாவை ஒட்டிக் கிடக்கும் கேசோன் நகரம் 2008-இல் அதே வழியில் ஒரு நகரமன்றச் சட்டத்தை நிறைவேற்றியது. எல்லைக்கோட்டின் இந்தப் பக்கம் குடியிருக்கும் பெண்ணுக்கு ஒரு நியாயம், அந்தப் பக்கத்துப் பெண்ணுக்கு வேறு நியாயம் என்றானது.

மணிலாவில் 2008 ஜனவரியில் 20 பேர் நீதிமன்றம் போனார்கள். நடைமுறைக் காரணங்களைக் காட்டி வழக்கு தள்ளுபடியானது. 2011-இல் அடுத்த மேயர் ஆல்ஃபிரெடோ லிம் புதிய ஆணை ஒன்றைக் கொண்டுவந்தார். விரும்பிய முறையைத் தம்பதியர் தேர்ந்தெடுக்கலாம் என்று அது ஒப்புக்கொண்டது. ஆனால் செயற்கைக் கருத்தடைக்கு நகராட்சிப் பணம் செலவிடப்படாது என்றும் எழுதிவைத்தது. ஏழைப் பெண்ணைப் பொறுத்தவரை முந்தைய ஆணைக்கும் இதற்கும் பெரிய வேறுபாடில்லை. பெண்களுக்கு எதிரான பாகுபாட்டை ஒழிப்பதற்கான ஐ.நா. குழு 2012-இல் நேரில் வந்து விசாரித்தது. மணிலாவில் பெண்களின் உரிமைகள் மீறப்பட்டன என்று 2015-இல் அறிக்கை கொடுத்தது. அந்த மீறலின் சுமை யார்மீது விழுந்தது என்பதற்கு நாடு முழுமைக்குமான கணக்கு ஒன்று உண்டு. 2008 தேசியக் கணக்கெடுப்பின்படி, வசதி மிக்க ஐந்தில் ஒரு பங்கினரில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.9 குழந்தைகள், மிக ஏழையான ஐந்தில் ஒரு பங்கினரில் 5.2.

2012 டிசம்பரில் அதிபர் பெனிக்னோ அக்கினோ தேசிய இனப்பெருக்கச் சுகாதாரச் சட்டத்தில் கையெழுத்திட்டார். மத்தியத் துறை பொருட்களை வாங்கி அனுப்பும்; உள்ளாட்சிகள் தாமும் வாங்கலாம். 2014 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் சட்டத்தின் பெரும்பகுதியை ஏற்றது. ஆனால் அதே தீர்ப்பு, உள்ளாட்சிகள் இச்சேவையை வழங்க ஊக்குவிக்கப்படுகின்றனவே தவிரக் கட்டாயப்படுத்தப்படவில்லை என்றும் விளக்கியது. 2015 பிப்ரவரியில் சோர்சோகோன் நகர மேயர் தம் ஊரை 'உயிர் காக்கும் நகரம்' என்று அறிவிக்க, அங்கும் சுகாதார மையங்களிலிருந்து கருத்தடைப் பொருட்கள் மறைந்தன. மேலேயும் நிலைமை உறுதியாக இல்லை. 2016-ஆம் ஆண்டுக்கான தேசிய பட்ஜெட்டில் கருத்தடைப் பொருட்களுக்கென இருந்த 100 கோடி பெசோவை நாடாளுமன்றம் வெட்டியது. மத்தியக் கிடங்கையே நம்பியிருந்த ஊர்களுக்கு இது நேரடி அடி.

பணம் இப்போது முன்னைவிடக் கூடுதலாக ஊருக்கு வருகிறது. உள்ளாட்சிகளின் வரிப் பங்கு பற்றிய மன்தனாஸ் வழக்கில் 2018-இல் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பு, உள்நாட்டு வரி மட்டுமல்ல, சுங்கம் உள்ளிட்ட எல்லாத் தேசிய வரிகளிலும் உள்ளாட்சிக்குப் பங்குண்டு என்றது. 2021-இல் சுமார் 69,500 கோடி பெசோவாக இருந்த பங்கு, 2022-இல் சுமார் 95,900 கோடியாக உயர்ந்தது. ஆனால் இந்தப் பணத்தில் எவ்வளவு தாய்மார்களின் மாத்திரைக்கு என்று மேலிருந்து யாரும் குறிப்பதில்லை. ஊர்தான் குறிக்க வேண்டும்.

அதற்கான இடங்கள் 1991 சட்டத்திலேயே இருக்கின்றன. ஒவ்வோர் ஊரிலும் மேயர் தலைமையில் ஓர் உள்ளூர்ச் சுகாதார வாரியம் உண்டு. தொண்டு அமைப்பு ஒன்றின் பிரதிநிதியும் அதில் உட்காரலாம். சுகாதாரத்துக்கு ஆண்டுதோறும் எவ்வளவு வேண்டும் என்று உள்ளாட்சி மன்றத்துக்கு முன்மொழிவது அந்த வாரியம்தான். 2009-இல் வந்த மகளிர் உரிமைச் சட்டம், பட்ஜெட்டில் குறைந்தது 5 சதவீதம் பாலினச் சமத்துவப் பணிகளுக்கு என்கிறது. தேசியக் காப்பீடான பில்ஹெல்த், அங்கீகாரம் பெற்ற ஊர்ப்புறச் சுகாதார நிலையங்கள் காப்பர்-டி பொருத்தினால் கட்டணம் திருப்பித் தருகிறது; அந்தத் தொகையைத் தனிக்கணக்கில் வைத்தால் அடுத்த ஆண்டின் மருந்துக்கும் பயிற்சிக்கும் ஆகும். மேயர் தம் பட்ஜெட்டை அக்டோபர் 16-க்குள் மன்றத்தில் வைத்தாக வேண்டும். எத்தனை பெண்கள் எந்த முறையைக் கேட்கிறார்கள், கையிருப்பு எத்தனை மாதம் தாங்கும் என்ற எண்ணிக்கையை மருத்துவச்சியும் சுகாதார அலுவலரும் அதற்கு முன்பே வாரியத்தின் மேசைக்குக் கொண்டுவந்தால்தான் அந்தச் செலவு இனம் பட்ஜெட்டில் ஏறும். தேசிய அளவில் ஒரு பெண்ணுக்கான சராசரிக் குழந்தைகள் எண்ணிக்கை 2022-இல் 1.9 ஆகக் குறைந்துவிட்டது என்பதைக் காட்டி, இனி இதற்குப் பணம் எதற்கு என்று கேட்கும் மன்றங்களுக்குப் பதில் சொல்லவும் அந்த ஊர்க் கணக்கே கையில் இருக்க வேண்டும்.