சாயக்காரரில பிழை இல்லை

பெயின்ற் கடையில இரண்டு சாம்பல் நிற அட்டையைப் பக்கத்தில பக்கத்தில பிடிச்சுக்கொண்டு அரை மணித்தியாலம் நிக்கிற ஆக்களைப் பார்த்திருப்பீங்கள். ஒன்றில நீலம் கொஞ்சம் கூட, மற்றதில மண்ணிறம் கொஞ்சம் கூட. அறைச் சுவருக்கு எது? இந்தக் குழப்பத்துக்குக் கிட்டத்தட்ட 200 வருசப் பழைய வழக்கு ஒன்று இருக்கு.

1824இல் மிஷெல் எஜென் ஷெவ்ரல் என்ற இரசாயனவியலாளர் பரிசின் கோப்லான் நெசவுசாலையில் சாயப் பகுதிக்குப் பொறுப்பாக வந்தார். சுவரில் தொங்கவிடுகிற சித்திரக் கம்பளங்களுக்குப் பேர்போன இடம் அது. அங்கே அவருக்கு வந்த முறைப்பாடுகளில் ஒன்று கறுப்பு நூல் பற்றியது. நீல, ஊதா உடைகளின் நிழலுக்குப் போட்டால் கறுப்பு வெளிறித் தெரியுது, சாயம் சரியில்லையாம். ஷெவ்ரல் லண்டன், வியன்னா வரைக்கும் நல்ல பட்டறைகளின் கறுப்பு நூலை எடுப்பித்து ஒப்பிட்டார். கோப்லான் கறுப்பில் ஒரு குறையும் இல்லை. பக்கத்தில் இருந்த நீலம்தான் வேலையைக் காட்டியிருக்கு.

ஒட்டி இருக்கிற இரண்டு நிறங்களின் வித்தியாசத்தைக் கண் கூட்டித்தான் காட்டும் என்பது அவர் கண்ட விதி. 1839இல் அதைப் பெரிய புத்தகமாகவே போட்டார். அதில் துணி வியாபாரிகளின் பிரச்சினையும் வருது. சிவப்புத் துணியில் கறுப்புக் கோலம் அச்சடிக்கக் குடுத்தவர்கள், கோலம் பச்சையாக வந்திருக்கு என்று குறை சொன்னார்கள். கடதாசியை வெட்டிச் சிவப்பை மூடிக் கோலத்தை மட்டும் பார்த்தால் கறுப்பேதான். அந்தக் கடதாசி இல்லாவிட்டால் ஆருடைய கூலி வெட்டுப்பட்டிருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

இனிச் சாம்பலுக்கு வருவம். இந்த விதிக்கு ஆகச் சுலபமா வளையிறது அதுதான், தனக்கெண்டு நிறம் பெரிசா இல்லாதபடியால். எங்கட பழைய வீடுகளின்ர சிவப்புப் பொலிஷ் நிலத்துக்குப் பக்கத்தில அது கொஞ்சம் பச்சையாத் தெரியும். வெள்ளை அட்டையில சின்னச் சதுரமா இருக்கேக்க கருமை கூடித் தெரியும்.

இதைவிடப் பகிடி என்னெண்டால், இரண்டு அட்டையையும் ஒட்டிப் பிடிச்சால் நீலச் சாம்பல் இன்னும் நீலமாகும், மண் சாம்பல் இன்னும் மண்ணாகும். ஆனா சுவருக்கு அடிக்கப்போறது ஒன்றைத்தான். அரை மணித்தியாலம் மூளையைப் போட்டுக் குழப்பின வித்தியாசத்தில ஒரு பங்கு கடையிலயே நிண்டுவிடும்.

வெளிச்சத்தையும் மறக்கேலாது. வெள்ளையில விளக்குக் கரி கலந்தால் சாம்பல் நீலப் பக்கம் சாயும், அம்பர் மண் கலந்தால் மண்ணிறப் பக்கம். வேற வேற கலவையில செய்த இரண்டு சாம்பல், கடை ரியூப் லைற்றுக்குக் கீழ ஒரே மாதிரி இருந்துபோட்டு வீட்டு மஞ்சள் பல்ப்பில பிரியலாம்.

அதால அட்டையோட அட்டையை வைக்காமல், ஒவ்வொன்றாச் சுவரில பெரிய சதுரமா அடிச்சு, நிலத்தோடயும் கதவோடயும் சேர்த்துக் காலமையும் இரவும் பாருங்கோ. எல்லாம் முடிஞ்ச பிறகு "நான் சொன்ன கலர் இது இல்லை" எண்டு பெயின்ற் அடிச்சவரோட கொளுவ முதல், ஒரு கடதாசியில இரண்டு ஓட்டை வெட்டி, ஒன்றுக்குள்ளால அட்டையையும் மற்றதுக்குள்ளால சுவரையும் பாருங்கோ.