வானிலிருந்து இலையைப் படித்தல்

இலையின் நிறங்கொண்டு மரத்தின் நலத்தை அறிதல் நம் உழவர் கண்ட பழைய கலை. ஆயினும் இலை வெளுத்த பின்னரே கண் அதனை உணர்கிறது. அதற்குள் நோய் முற்றிவிடுகிறது. கண்ணுக்குப் புலனாகாத ஒளியைக் கொண்டு இக்குறையை நீக்க முயன்ற வரலாறே இன்றைய பேச்சின் பொருள்.

இலையிலுள்ள பச்சையம் சிவப்பு, நீல ஒளிகளைப் பெரிதும் உறிஞ்சிக்கொள்கிறது. சிவப்புக்கு அப்பாலுள்ள அகச்சிவப்பு ஒளியையோ நலமுள்ள இலை மிகுதியாகத் திருப்பி அனுப்புகிறது. நலங்குன்றினால் இவ்வளவுகள் மாறுகின்றன.

இவ்வுண்மை நம் நாட்டில் 1970-ஆம் ஆண்டில் ஒரு துயர் தீர்க்கப் பயன்பட்டது. கேரளத்தின் தென்னந்தோப்புகளை வேர் வாடல் நோய் நெடுங்காலமாக அரித்து வந்தது. அந்நோய் மரத்தை உடனே கொல்வதில்லை. காய்ப்பைக் குறைத்து, உடையவரை மெல்ல வறியவராக்குகிறது. தீர்க்கும் மருந்தும் இல்லை. ஆகவே நோய் எங்கெங்குப் பரவியுள்ளது என்று அறிதலே முதற்கடமையாயிற்று. வானிலை அறிஞர் பிஷரோட்டி அவர்களின் முயற்சியால், ஹெலிகாப்டரிலிருந்து அகச்சிவப்பு ஒளியைப் பதியும் வண்ணப் பிலிமில் தோப்புகள் படமெடுக்கப்பட்டன. அத்தகைய பிலிமில் நலமுள்ள மரம் செந்நிறமாக விழும். நோயுற்றது வேறுபட்டுத் தோன்றும். இந்தியத் தொலையுணர்வுக் கலை இவ்வாறு தென்னந்தோப்பிலே பிறந்தது.

நிறத்தைப் படித்த அறிஞர் பின்னர் இலையின் வேதியியலையும் படிக்க முற்பட்டனர். பிலிம் ஒளியைச் சில கூறுகளாகவே பிரிக்கும். நிறமாலைமானி நூற்றுக்கணக்கான கூறுகளாகப் பிரிக்கும். அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலக் காடொன்றில், இலைகளிலுள்ள லிக்னின் என்னும் பொருளின் அளவை விமானக் கருவியால் மதிப்பிட்ட ஆய்வு 1988-இல் வெளியாயிற்று. லிக்னின் மிகுந்த சருகு மெதுவாக மக்கும். மண்ணில் நைட்ரஜன் வெளிப்படுவதும் மெதுவாகும். எனவே மரமுடியைக் கண்டே மண்ணின் போக்கை அறிய வழி பிறந்தது.

2015 டிசம்பர் முதல் 2016 மார்ச் வரை, இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனமும் நாசாவும் இணைந்து, இத்தகைய கருவியை விமானத்தில் ஏற்றி நம் நாட்டில் 57 இடங்களை ஆராய்ந்தன.

எனினும் கருவி தருவன எண்களே. காட்டினுள் நடந்து, இலை பறித்து, ஆய்வுக்கூடத்தில் அளந்து ஒப்பிட்ட பின்னரே அவை பொருள் பெறும்.

அசாமிலோ மத்தியப் பிரதேசத்திலோ வாழும் நேயர்களே, உங்கள் ஊரை அடுத்த காடும் தொலைவில் பசுமையாகவே தோன்றும். பசுமை வேறு, நலம் வேறு என்பதை இவ்வரலாறு நமக்கு உணர்த்துகிறது.