புதுக்கோட்டைக் கலாசாலையும் சமநீதியும்

கலாசாலைகளையும் சர்வகலாசாலைகளையும் நடத்துவோர் நீதியின் வழுவாதிருத்தல் வேண்டுமென்பதற்கு நமது புதுக்கோட்டைச் சரித்திரமே தக்க சான்றாகும். 1886-ல் பிறந்த முத்துலட்சுமி அம்மையார் இவ்வூர் மகாராஜா கலாசாலையிற் சேர விண்ணப்பித்த காலத்து, அங்கே பயின்றோரனைவரும் ஆண்மக்களே. பெண்ணென்பதும், தாயார் தேவதாசி மரபினரென்பதும் தடைகளாகக் கூறப்பட்டன. கலாசாலைத் தலைவர் இசைந்திலர். மாணவரின் பெற்றோரும் எதிர்த்தனர். மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் மன்னரே அத்தடைகளை நீக்கி இடமளித்தார். அம்மையார் 1907-ல் சென்னை மருத்துவக் கலாசாலையிற் புகுந்து, 1912-ல் பட்டம் பெற்றார். 1927-ல் சென்னைச் சட்டசபையின் முதற் பெண் அங்கத்தினராயினார். 1954-ல் அடையாற்றிற் புற்றுநோய் மருத்துவமனை கண்டார்.

மன்னரின் அருளைப் போற்றுகின்றோம். எனினும், ஒருவர் அருளால் திறந்த கதவை மற்றொருவர் அடைத்துவிடுதல் கூடும். ஆதலின் அருள் விதியாதல் வேண்டும். 1948-ல் சமஸ்தானம் இந்திய யூனியனோடு இணைந்தது. 1951-ல் அரசியலமைப்பின் முதற்றிருத்தம் 15(4) என்னும் உட்பிரிவைச் சேர்த்து, கல்வியிற் பின்தங்கிய வகுப்பினர்க்குத் தனி ஏற்பாடுகள் செய்ய அரசினர்க்கு வழி வகுத்தது. மன்னரை வேண்டிப் பெற்றது இங்ஙனம் சட்டத்தின்பாற்பட்டது.

அன்பர்களே! அன்று எதிர்த்தவருட் பெற்றோரும் இருந்தனரென்பதை மறவற்க. நம் குலத்தார்க்குக் கலாசாலையில் இடமும், அதனை நடத்துஞ் சபைகளில் அங்கத்துவமும் வேண்டுமென்று கேட்கின்றோம், கேட்டல் முறையே. நம்மினுந் தாழ்ந்தோரென்று உலகம் ஒதுக்கியவர்தம் மக்கள் நம் மக்களோடு ஒரே பலகையில் அமர்தலையும் மனமுவந்து ஏற்போமாயின், அக்கேள்வி நீதியாகும். இன்றேல் வெறுந் தன்னலமேயாம்.