மழலையும் மணிக்கணக்கும்

மூன்று வயது நிரம்பிய குழந்தையைப் பாலர் பள்ளியில் நாளொன்றுக்கு எத்தனை மணி நேரம் இருத்தலாம்? பிற மாநிலங்களில் குடியேறி வாழும் தமிழ்க் குடும்பங்களில் அடிக்கடி எழும் கேள்வி இது. நண்பகல் வரை போதும் என்பார் சிலர். மாலை வரை இருக்கட்டும் என்பார் வேறு சிலர். இதற்கு வரலாறு தரும் விடையை, கேரளத்தின் தென்கோடியில் தமிழும் மலையாளமும் அருகருகே வழங்கும் நெய்யாற்றின்கரை, பாறசாலைச் சிற்றூர்களை நிலைக்களனாகக் கொண்டு ஆராய்வோம்.

1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாளன்று தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. நெய்யாற்றின்கரைப் பகுதியையும் இணைக்கவேண்டும் என்ற கோரிக்கை எழுந்ததாயினும், அது கேரளத்திலேயே நின்றது. ஒரே நெடுஞ்சாலையில் களியக்காவிளை தமிழ்நாட்டிலும், அதனை அடுத்த பாறசாலை கேரளத்திலும் அமைந்தன. பாலராமபுரத்து நெசவாளர் தெருக்களோ அதற்கும் நெடுங்காலம் முந்தியவை. மன்னர் பாலராமவர்மர் காலத்தில், ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளுக்கு முன்பு, தமிழகத்திலிருந்து அழைத்துவரப்பட்ட சாலியர் குடிகள் அங்கே தறி நாட்டினர். ஆகவே, வீட்டிற்கு ஒரு மொழி, வெளியே ஒரு மொழி என்னும் நிலை இவ்வட்டாரத்துக் குழந்தைகளுக்குப் புதியதன்று.

கல்வியின் தொடக்கத்தை இவ்விரு மொழியினரும் ஒரே நாளில் கொண்டாடுகின்றனர். ஆண்டுதோறும் நவராத்திரிக்கு முன்பு, பத்மநாபபுரத்திலிருந்து சரசுவதி திருவுருவம் குழித்துறை, பாறசாலை, நெய்யாற்றின்கரை வழியாகத் திருவனந்தபுரத்திற்கு எழுந்தருள்கிறது. விசயதசமியன்று குழந்தையின் விரலைப் பிடித்து அரிசியில் எழுத்து எழுதுவிக்கின்றனர். பின்னர் மணலில் எழுதப் பயிற்றுவித்தவர் ஊர் ஆசான். அக்காலத் தொடக்கப் பள்ளிகளில் நேரம் எவ்வாறு அமைந்திருந்தது? 1823ஆம் ஆண்டில் பெல்லாரி மாவட்ட ஆட்சியர் கேம்பெல் அனுப்பிய அறிக்கை ஒரு சித்திரம் தருகிறது. ஐந்து வயதில் பள்ளி புகுந்த சிறுவர்கள் விடியற்காலை ஆறு மணிக்கே கூடினர். இடையே உணவுக்கு வீடு சென்று திரும்பினர். பள்ளி நாள் நீண்டதாயினும், வீடு கூப்பிடு தூரத்தில் இருந்தது. மேலும், ஐந்து வயதுவரை குழந்தை வீட்டிற்கே உரியதாக இருந்தது.

அப்பள்ளி வாயிலும் எல்லார்க்கும் திறந்திருக்கவில்லை. கல்விச் செலவு முழுவதையும் அரசே ஏற்கவேண்டும் என்று 1817இல் திருவிதாங்கூர் அரசி கௌரி பார்வதி பாய் ஆணையிட்டார். அதற்குப் பல்லாண்டுகள் கழிந்தும், நெய்யாற்றின்கரை வட்டாரத்துப் புலையர் குழந்தைகள் பள்ளியுள் நுழைய இயலவில்லை. வெங்ஙானூரில் 1863இல் பிறந்த அய்யன்காளி, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இவ்வுரிமைக்காகப் போராடினார். குழந்தைகளைச் சேர்க்காவிடில் வயலில் இறங்கமாட்டோம் என்று உழவுத் தொழிலாளர் வேலை நிறுத்தினர். ஊரூட்டம்பலத்தில் பஞ்சமி என்னும் சிறுமியை அவர் பள்ளிக்கு அழைத்துச் சென்றபோது அப்பள்ளியே தீக்கிரையாயிற்று. எத்தனை மணி நேரம் என்று நாம் இன்று ஆராய்வது, பிறர் போராடிப் பெற்ற வாயிலைக் கடந்து நின்றுதான் என்பதை மறத்தலாகாது.

இனி, மிகச் சிறு குழந்தைகளுக்கு நீண்ட நேரப் பள்ளி எப்படித் தோன்றிற்று என்று பார்ப்போம். 1816இல் இராபர்ட் ஓவன் தம் பஞ்சாலைத் தொழிலாளரின் குழந்தைகளுக்காக ஸ்காட்லாந்தின் நியூ லானர்க்கில் பள்ளி அமைத்தார். 1907இல் மரியா மாண்டிசோரி அம்மையார் உரோமை நகரின் ஏழைக் குடியிருப்பில் நிறுவிய இல்லமும் வேலைக்குச் செல்லும் பெற்றோரின் மக்களுக்கானதே. காலை ஒன்பது முதல் மாலை நான்கு வரையிலான கால அட்டவணை ஒன்றை அவர் எழுதிவைத்துள்ளார். நம் நாட்டிலும் 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டமும் 1951ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டமும் பெண்கள் மிகுதியாக வேலை செய்யும் இடங்களில் குழந்தைக் காப்பகம் வேண்டும் என்று விதித்தன. ஆகவே, நீண்ட நேரம் பெரும்பாலும் தாயின் வேலை நேரத்தை ஒட்டியே வகுக்கப்பட்டது. பாலராமபுரத்தில் குழித்தறி வீட்டிலேயே இருந்தமையால், தாய் நூல் சுற்றும் இடமே மழலையின் விளையாட்டுக் களமாயிற்று.

குழந்தையின் கல்வியை மட்டும் கருதினால் கணக்கு வேறுபடுகிறது. 1967இல் இங்கிலாந்தின் பிளவுடன் குழு, பெரும்பாலான சிறு குழந்தைகளுக்கு அரைநாளே தக்கது என்றது. சூழ்நிலை வேண்டும் சிலருக்கே முழு நாளைப் பரிந்துரைத்தது. பின்னர் அந்நாட்டில் ஏறத்தாழ 3,000 குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்த ஆய்வும், அரைநாள் பயின்றோரைவிட முழுநாள் பயின்றோர் மிகுந்த பயன் பெற்றதாகக் காணவில்லை. நல்ல பள்ளியா என்பதும், எத்தனை மாதங்கள் பயின்றனர் என்பதுமே முதன்மை பெற்றன. 2013ஆம் ஆண்டு இந்திய முன்பருவக் கல்விக் கொள்கையை ஒட்டிய தர வரையறையும் மூன்று முதல் நான்கு மணி நேரத்தையே குறிக்கிறது.

1975 அக்டோபர் 2ஆம் நாள் 33 வட்டாரங்களில் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தின் வழியே அங்கன்வாடிகள் பரவின. கேரளத்தில் காலை 9.30 முதல் மாலை 3.30 வரை என்பது பழகிய நேரம். ஆறு மணி நேரமும் பாடமன்று. உணவும் உறக்கமும் விளையாட்டும் அதில் அடங்கும். பள்ளியில் இருக்கும் நேரம் வேறு, பயிலும் நேரம் வேறு என்பதைப் பெற்றோர் பிரித்துணர்தல் வேண்டும்.

தமிழர்க்கு இதில் மேலும் ஒரு கவலை உண்டு. 1956இல் அரசியலமைப்பில் சேர்க்கப்பட்ட 350அ உறுப்பு, மொழிச் சிறுபான்மையினரின் குழந்தைகளுக்குத் தொடக்க நிலையில் தாய்மொழிக் கல்விக்கு வசதி செய்யுமாறு மாநிலங்களைப் பணிக்கிறது. ஆனால் அது பாலர் பள்ளியைச் சுட்டவில்லை. எனவே மூன்று, நான்கு வயதில் தாய்மொழிக்குக் காவல் வீடு ஒன்றுதான். கணக்கிட்டுப் பாருங்கள். இவ்வயதுக் குழந்தைக்குப் பகலுறக்கம் உட்பட 10 முதல் 13 மணி நேர உறக்கம் தேவை. பன்னிரண்டு மணி உறக்கத்திற்குப் போனால், விழித்திருப்பது பன்னிரண்டு மணி. போக்குவரத்து உட்பட ஒன்பது மணி நேரம் வெளியே கழிந்தால், பகலுறக்கம் பள்ளியிலேயே நிகழ்ந்தாலும், வீட்டில் எஞ்சுவது நான்கு மணியளவே. அதற்குள் குளியல், உணவு, உடை எல்லாம் முடியவேண்டும்.

ஆகவே நாம் கொள்ளத்தக்க முடிவு இதுவாகும். வீட்டில் தாயோ பாட்டியோ உடனிருக்க இயலுமாயின் மூன்று, நான்கு மணி நேரம் போதும். இருவரும் வேலைக்குச் செல்லும் குடும்பம் மாலை வரை விடுவதில் குற்றமில்லை. அதற்காகத் தாயரைப் பழித்தல் முறையன்று. ஆனால் அப்பள்ளியில் குழந்தை உண்ணவும் உறங்கவும் ஓடியாடவும் இடமுண்டா என்று முதலில் காணவேண்டும். எஞ்சிய மாலைப் பொழுதைத் தொலைக்காட்சிக்கும் கைப்பேசிக்கும் கொடாமல், பேச்சுக்கும் கதைக்கும் தாலாட்டுக்கும் ஒதுக்கவேண்டும். பள்ளி நேரத்தை வகுக்கும் பெற்றோர், வீட்டு நேரத்தையும் அதனோடு சேர்த்தே வகுப்பாராக.