கண்ணயர்ந்த சில நிமிடங்கள்

ஒசாகாவில் ஃபிளாஸ்க் செய்து பேரெடுத்த ஸோஜிருஷி நிறுவனம் 2001-ல் ஒரு மின்சார வெந்நீர்ப் பானையைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. பார்வைக்குச் சாதாரணப் பானைதான். உள்ளே மட்டும் ஒரு வயர்லெஸ் கருவி. தனியே இருக்கும் அம்மா தேநீருக்கு வெந்நீர் பிடித்தாரா என்ற தகவல், வெளியூரில் இருக்கும் மகளுக்கு ஒரு நாளைக்கு இரண்டு முறை மின்னஞ்சலில் போய்விடும். 1996-ல் டோக்கியோவின் இகெபுகுரோவில் ஒரு தாயும் நோயாளி மகனும் இறந்துகிடந்தது பல நாள் கழித்தே தெரியவந்தது. அந்த அதிர்ச்சியில் உதித்த யோசனை இது. வீட்டுக்குள் கேமரா என்றால் எந்த அம்மா சம்மதிப்பார்? பானையை யாரும் வேவுக்காரனாக நினைக்கவில்லை.

மறதி நோய்க்கு இந்தப் பானை போதாது. சொந்த வீட்டில் இருந்துகொண்டே "வீட்டுக்குப் போகணும்" என்று கிளம்புகிறவரை அது என்ன செய்யும்? அதனால் மெத்தைக்கடியில் சென்சார், வாசலில் மணி, செருப்புக்குள் ஜிபிஎஸ் என்று ஒவ்வொன்றாக வந்தன. பார்த்துக்கொள்பவர் சற்றே தலைசாய்க்கலாம் என்பதுதான் இவற்றை விற்றவர்கள் தந்த உறுதி.

அந்த உறுதிக்கு நீதிமன்றத்தில் சோதனை வந்தது. 2007 டிசம்பரில் ஐச்சி மாகாணத்து ஓபு நகரில், 91 வயது முதியவர் ஒருவர் பகல்நேரப் பராமரிப்பு மையத்திலிருந்து வீடு திரும்பியிருந்தார். அவர் சிறுநீர் கழித்திருந்த அட்டைப்பெட்டியை மருமகள் வாசலில் சுத்தம் செய்துகொண்டிருந்தார். பக்கத்தில் இருந்த 85 வயது மனைவி சில நிமிடம் கண்ணயர்ந்தார். அதற்குள் முதியவர் வெளியேறி, ரயிலேறி, கியோவா நிலையத்தில் ரயிலில் அடிபட்டு இறந்தார்.

ரயில்கள் தாமதமான நட்டத்துக்கு ஜேஆர் டோக்காய் ரயில் நிறுவனம் சுமார் 72 லட்சம் யென் கேட்டது. அந்த வீட்டு வாசலில் ஆள் கடந்தால் மனைவியின் தலைமாட்டில் ஒலிக்கும் மணி இருந்தது. ஆனால் முதியவர் போனது வீட்டோடு இணைந்த அலுவலக அறைக் கதவு வழியாக. அங்கும் ஒரு மணி உண்டு. அதை அணைத்து வைத்திருந்தார்கள். சுவிட்சைப் போடுவது எளிய வேலைதானே என்று கீழ் நீதிமன்றங்கள் கேட்டன. ஓய்வு தரவேண்டிய மணி, குடும்பத்துக்கு எதிரான சாட்சியாகிவிட்டது.

2013-ல் நகோயா மாவட்ட நீதிமன்றம் மனைவியையும் மூத்த மகனையும் முழுத் தொகையைக் கட்டச் சொன்னது. அடுத்த ஆண்டு உயர் நீதிமன்றம் மகனை விடுவித்து, மனைவி மட்டும் பாதித் தொகை தந்தால் போதும் என்றது. பராமரிப்புக் காப்பீட்டின்படி அந்த மூதாட்டியே பிறர் உதவி தேவைப்படுபவர்! 2016 மார்ச் 1 அன்று உச்ச நீதிமன்றம் இருவரையும் விடுவித்தது. கூடவே வாழ்வதாலேயே துணைவர் சட்டப்படி காவலர் ஆகிவிடமாட்டார் என்பது தீர்ப்பின் சாரம்.

பார்த்துக்கொள்ளும் சுமையை ஊரோடு பங்கிட வேண்டும் என்பதை, நிலக்கரிச் சுரங்கம் மூடிப்போன ஒமுதா நகரம் முன்பே உணர்ந்திருந்தது. 2004 முதலே அங்கே ஒத்திகை நடக்கிறது: ஒருவர் வழிதவறிய முதியவராகத் தெருவில் நடப்பார், தகவல் கிடைத்தவர்கள் தேடிப்போய்ப் பக்குவமாகப் பேச்சுக் கொடுப்பார்கள். தீர்ப்பு வந்த 2016-லேயே சைத்தாமா மாகாணத்து இருமா நகரம், முதியோரின் நகத்தில் ஒட்ட ஒரு சென்டிமீட்டர் கியூஆர் வில்லையை இலவசமாகத் தரத் தொடங்கியது. நகராட்சித் தொலைபேசி எண் அதில் இருக்கும். தண்ணீர் பட்டாலும் அழியாது. உடையும் செருப்பும் மாறலாம், நகம் மாறாது என்பது அவர்கள் கணக்கு.

2017-ல் கனகாவா மாகாணத்து யமாதோ நகரம் பணப் பிரச்சினையையே கையிலெடுத்தது. காணாமல்போகும் அபாயமுள்ளவர்களைப் பதிந்துகொண்டு, அவர்களால் விபத்து நேர்ந்தால் இழப்பீடு தர ஒரு காப்பீடு எடுத்தது. பிரீமியம் கட்டுவது நகராட்சி.