டிவி லைசென்ஸ் முடிந்தால் புதுப்பிப்பதா, ஏலம் விடுவதா? பிரிட்டனில் நடந்தது இதுதான்

வாடகை ஒப்பந்தம் முடியும்போது வீட்டு ஓனருக்கு இரண்டு வழி இருக்கு. இருக்கிறவரையே தொடரச் சொல்லலாம். இல்லன்னா போர்டு மாட்டி, யார் அதிகம் தர்றாங்கன்னு பார்க்கலாம். டிவி லைசென்ஸ் காலாவதியாகும்போது அரசுக்கு வரும் கேள்வியும் கிட்டத்தட்ட இதுதான். ஆனால் ஒரு வித்தியாசம்: ஏலத்தில் சேனல் அள்ளிக் கொடுக்கும் பணம், நீங்க பார்க்கும் செய்திக்கும் நிகழ்ச்சிக்கும் செலவாக வேண்டிய பட்ஜெட்டில் இருந்துதான் போகும்.

இதை நேரடியாக சோதித்துப் பார்த்த நாடு பிரிட்டன். அப்போது ஐடிவி என்பது ஒரே கம்பெனி அல்ல, பகுதிக்கு ஒரு கம்பெனியாக இயங்கிய நெட்வொர்க். தாட்சர் அரசு 1990-ல் கொண்டுவந்த ஒளிபரப்புச் சட்டம், 'மூடிய உறையில் தொகையை எழுதிக் கொடுங்க, அதிகம் தருபவருக்கே லைசென்ஸ்' என்றது. ஆனால் முதலில் நிகழ்ச்சித் தரத்துக்கான தேர்வில் பாஸாக வேண்டும்.

1991 அக்டோபர் 16-ல் முடிவு வந்தது. லண்டனின் வார நாட்களை வைத்திருந்த தேம்ஸ் டிவி ஆண்டுக்கு சுமார் 3.3 கோடி பவுண்டு எழுதியிருந்தது. கார்ல்டன் எழுதியது சுமார் 4.3 கோடி. தேம்ஸ் அவுட். காலை நேர டிவி-ஏஎம் நிறுவனமும் இப்படித்தான் பறிபோனது. தன் சட்டத்தின் விளைவைப் பார்த்து தாட்சரே அதன் தலைவருக்கு வருத்தம் தெரிவித்து கடிதம் எழுதினார்!

இன்னொரு பக்கம் கிரனாடா. போட்டி நிறுவனம் சுமார் 3.5 கோடி பவுண்டு எழுதியும் தரத் தேர்வில் தோற்றதால், 90 லட்சம் மட்டும் எழுதிய கிரனாடாவே தப்பித்தது. தெற்கு இங்கிலாந்தின் டிவிஎஸ் கதை நேர்மாறு. அது எழுதிய தொகையே மிக அதிகம், கட்டுப்படியாகாது என்று ஒதுக்கப்பட்டது. சென்ட்ரல் டிவியை எதிர்த்தோ யாருமே வரவில்லை. அது எழுதிய தொகை ஆண்டுக்கு வெறும் 2,000 பவுண்டு. லட்சம் இல்லை, கோடி இல்லை, ரெண்டாயிரம்தான். போட்டியாளரே வராத ஏலத்தில் சந்தை விலை எங்கே இருந்து வரும்?

அதன் பிறகு இப்படியொரு ஏலம் ஐடிவிக்கு நடக்கவில்லை. லைசென்ஸ்கள் 2014 இறுதியில் முடிய இருந்தபோது, புது ஏலமா புதுப்பிப்பா என்ற கேள்வி அரசிடம் வந்தது. 2012-ல் அரசு புதுப்பிப்பையே தேர்ந்தெடுத்தது. டிஜிட்டலுக்கு மாறிய பிறகு அலைவரிசைத் தட்டுப்பாடு குறைந்து, லைசென்ஸின் மதிப்பும் சரிந்திருந்தது. பெரிய கட்டணம் கேட்டால், 'லைசென்ஸே வேண்டாம்' என்று சேனல் கிளம்பிவிடலாம். அதனால் பணத்துக்குப் பதிலாக உள்ளூர்ச் செய்தி, உள்நாட்டுத் தயாரிப்பு போன்ற கடமைகளைக் கேட்டு வாங்கினார்கள். என் பார்வையில் இது நியாயமான பேரம்தான், அந்தக் கடமைகளை ஒழுங்குமுறை அமைப்பு விடாமல் கண்காணிக்கும் வரை.

நம்ம ஊரில்? எஃப்எம் அலைவரிசைகளை ஏலம் விடுகிறார்கள். தனியார் சேட்டிலைட் சேனல்களுக்கு ஏலம் இல்லை, 10 ஆண்டு அனுமதி, பிறகு புதுப்பிப்பு. அதனால் இங்கே சிக்கல் விலையில் இல்லை, யார் கையெழுத்துப் போடுகிறார்கள் என்பதில் இருக்கு. மலையாளச் சேனல் மீடியா ஒன்னுக்கு 2022 ஜனவரியில் புதுப்பிப்பு மறுக்கப்பட்டது. உள்துறை அமைச்சகம் பாதுகாப்பு அனுமதி தராததுதான் காரணம். எதற்காக மறுக்கிறோம் என்பதை சேனலிடம் சொல்லாமல், மூடிய உறையில் நீதிமன்றத்திடம் மட்டும் கொடுத்தார்கள். 2023 ஏப்ரல் 5-ல் உச்ச நீதிமன்றம் அந்த மறுப்பை ரத்து செய்து, நான்கு வாரத்துக்குள் புதுப்பிக்க உத்தரவிட்டது.